நெகடிவ் எங்கே? செய்தித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சினிமா சம்பந்தமாக உங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் விருது இருக்கும், மானியம் இருக்கும், சிலை இருக்கும், தெருவுக்கு யாராவது ஒருவர் பெயர் வைக்கச் சொல்லும் கோரிக்கை கட்டாயம் இருக்கும். நான் கேட்பது சில அறைகள். ஈரம் புகாத, இரவும் பகலும் குளிரூட்டிய, தீ பரவாத அறைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த சில ஆட்கள். சுருக்கமாகச் சொன்னால், தமிழ்த் திரைப்படங்களுக்கும் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகம்.

இதை முதலில் கேட்டவன் நான் இல்லை. இயக்குநர் பாலு மகேந்திரா தம் கடைசி ஆண்டுகளில் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் எடுத்த ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டுக்கும் நெகடிவ், அதாவது பிரதி எடுக்க ஆதாரமான மூல ஃபிலிம், இல்லை என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். இரண்டும் தேசிய விருது வாங்கிய படங்கள். கைதட்டினோம், வருத்தப்பட்டோம், கலைந்து போனோம். 2014 பிப்ரவரி 13 அன்று அவர் காலமானார். அடுத்த இரண்டு மாதத்தில் அவருடைய கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ படத்துக்கும் தேசிய விருது அறிவித்தார்கள்.

நான் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். ஒளிப்பதிவு பற்றி வகுப்பெடுக்கும்போது பாலு மகேந்திராவைத் தொடாமல் போக முடியாது. பாடத்துக்குத் தேவையான படம் கையில் இல்லை என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் துறையில் இந்தக் கோப்பைப் புரட்டப்போகும் இளைய அலுவலர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலங்கை மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், டேவிட் லீன் தம் ஆங்கிலப் படம் ஒன்றின் படப்பிடிப்பை நடத்திக்கொண்டிருந்தார். இயக்குநர் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியது. நானும் இப்படி மழை பெய்ய வைக்கிறவனாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்ததாகப் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிறகு புனே திரைப்படக் கல்லூரி. இயக்கம் படிக்காமல் ஒளிப்பதிவு படித்தார். 1969-இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். அவருடைய பயிற்சிப் படத்தைப் பார்த்துவிட்டு மலையாள இயக்குநர் ராமு காரியாட் ‘நெல்லு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்யக் கூப்பிட்டார். 1974-இல் வெளிவந்த அந்தப் படம் கேரள அரசின் விருதை வாங்கித் தந்தது.

இலங்கைக்காரர், படித்தது புனேயில், முதலில் பெயர் வாங்கியது மலையாளத்தில். இயக்குநராக முதல் படம் 1977-இல், அதுவும் கன்னடத்தில்: ‘கோகிலா’. தமிழுக்கு இயக்குநராக வந்தது அதற்கும் அப்புறம், 1979-இல் ‘அழியாத கோலங்கள்’. அதற்கு முந்தைய ஆண்டே மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவாளராக வந்துவிட்டார். தெலுங்கின் ‘சங்கராபரணம்’ படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவு. ஆக, இந்தியையும் சேர்த்தால் ஐந்து மொழியில் சிதறிக் கிடக்கிறது இந்த மனிதருடைய வேலை. ஒரு மாநிலம் மட்டும் விழித்துக்கொண்டால் போதாதுதான். ஆனால் அவர் வாழ்ந்து, வேலை செய்து, பட்டறை வைத்து, இறந்த ஊர் சென்னை. தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

அவருடைய தனி வாழ்க்கையைப் பற்றிப் பேசாத ஆள் கோடம்பாக்கத்தில் இல்லை. அந்தப் பேச்சுக்குக் காப்பகமே தேவையில்லை, தானாகவே பத்திரமாக இருக்கிறது. நான் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘படம்தான் இணையத்தில் கிடைக்கிறதே?’ என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். கிடைக்கிறது. ஓரத்தில் ஏதோ ஒரு சேனலின் முத்திரையோடு, தொலைக்காட்சியில் ஓடியதை யாரோ பதிவு செய்து, அதிலிருந்து இன்னொருவர் பிரதி எடுத்து, அதையும் சுருக்கி ஏற்றிவைத்தது. கதை புரியும். வசனம் கேட்கும். மாணவர்களை உட்காரவைத்துப் போட்டுக்காட்டினால் கதாநாயகிக்காக வருத்தப்படவும் செய்வார்கள். ஆனால் ஒளிப்பதிவு வகுப்புக்கு அது உதவாது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலு மகேந்திரா பெரும்பாலும் இருக்கிற வெளிச்சத்தை நம்பி எடுத்தவர். வீட்டுக்குள் நடக்கும் காட்சி என்றால் ஜன்னலிலிருந்தோ வாசலிலிருந்தோ வரும் பகல் வெளிச்சம்தான் அங்கே ஆதாரம். அது முகத்தின் ஒரு பக்கம் விழும், மறுபக்கம் நிழலில் இருக்கும். அந்த நிழலுக்குள்ளும் கண் தெரியும், கன்னத்தின் வளைவு தெரியும், பின்னால் சுவரின் சொரசொரப்பு தெரியும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனையோ படிகள். அந்தப் படிகளில்தான் அவருடைய கைவண்ணம் முழுவதும் இருக்கிறது. இணையப் பிரதியில் நிழல் பக்கம் மொத்தமும் ஒரே கருப்புத் திட்டு. வெளிச்சப் பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை. ‘இவர் பெரிய ஒளிப்பதிவாளர்னு சொல்றீங்க, படம் மங்கலா இருக்கே சார்’ என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டால், நான் என்ன பதில் சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்து பார் என்றா?

‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியவர் அவர். அவர் படத்தின் மோசமான பிரதி என்பது எழுத்து அழிந்துபோன ஓலைச்சுவடி. ஓலை இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்ள முடியாது.

‘வீடு’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வந்தது. பாட்டு கிடையாது. இளையராஜா தம் தனி இசைத்தொகுப்புக்காக ஏற்கெனவே செய்திருந்த இசையைத்தான் பின்னணியில் பயன்படுத்தினார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண், தங்கை, வயதான தாத்தா. இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். சொந்தமாகவே கட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. சிமெண்டைத் திருடி விற்கும் கான்ட்ராக்டர், அதைப் போட்டு உடைக்கும் சித்தாள் மங்கம்மா, பணத்துக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கும் சுதா. வீடு கட்டிய குடும்பம் எதுவும் இந்தப் படத்தை நிம்மதியாக உட்கார்ந்து பார்த்துவிட முடியாது. தம் சின்ன வயதில் வீடு கட்ட ஆரம்பித்ததும் அம்மா எப்படி மாறிப்போனார் என்பதிலிருந்து பிறந்த படம் இது என்று பாலு மகேந்திராவே எழுதியிருக்கிறார்.

பாதி எழும்பிய அந்த வீட்டைத் தாத்தா தனியாகப் போய்ப் பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது. நாடக மேடையில் காலம் கழித்த சொக்கலிங்க பாகவதர் அந்தத் தாத்தா. பூசாத செங்கல் சுவர், கதவு வைக்காத வாசல்கள். கிழவர் ஒவ்வோர் அறையாக நடந்து பார்க்கிறார். வசனமாக எதுவும் தேவைப்படாத காட்சி. செங்கல்லின் மேல் வெயில் விழுந்திருக்கும் விதமும் அந்த முகமும்தான் அங்கே பேச வேண்டும். நல்ல பிரிண்ட்டில் திரையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இனி அப்படிப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் கவனத்துக்கு இன்னொன்றும்: படத்தின் முடிவில் அந்த வீட்டின் தலையில் கை வைப்பது கான்ட்ராக்டரும் இல்லை, கடன்காரரும் இல்லை. அந்த நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்று சொல்லும் குடிநீர் வாரியம். 1980களின் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டு வாடகைக்கும் மனைக்கும் அரசு அலுவலகக் காகிதத்துக்கும் நடுவில் எப்படி நசுங்கியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் உங்கள் துறை எடுத்த செய்திப் படங்களில்கூட இருக்குமா என்று தெரியவில்லை. சினிமா என்ற முறையில் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் ஆவணமாகவாவது காப்பாற்றலாம்.

அடுத்த ஆண்டு ‘சந்தியா ராகம்’. தூர்தர்ஷனுக்காகக் கருப்பு வெள்ளையில் எடுத்தது. மனைவியை இழந்த ஒரு கிழவர், மறுபடியும் சொக்கலிங்க பாகவதர்தான், கிராமத்தை விட்டு நகரத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வசதிதான் இல்லை. கடைசியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறார். யாரையும் வில்லனாக்காமல் இவ்வளவு துயரத்தைச் சொன்ன தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இது எந்தத் தியேட்டரிலும் கூட்டம் சேர்க்க எடுத்த படம் இல்லை. அதனால் ஊர் ஊராகப் பிரிண்ட் போட்டு அனுப்பும் தேவையே இருந்திருக்காது. வசூல் படம் என்றால் பத்து ஊர்ப் பெட்டியில் ஏதாவது ஒரு பிரிண்ட் தப்பிக் கிடக்கும். இந்த மாதிரிப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. நல்ல படம்தான் முதலில் அழியும் என்பதற்கு விதி காரணமில்லை, பிரதிகளின் எண்ணிக்கைதான் காரணம்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். இங்கேதான் நிலைமை இன்னும் மோசம், இதைப் பற்றிப் பேசவும் ஆள் இல்லை.

1999-இல் சன் டிவியில் ‘பாலு மகேந்திராவின் கதை நேரம்’ வர ஆரம்பித்தது. மெகா சீரியல் என்ற பூதம் வீட்டுக்குள் கால் எடுத்து வைத்த அதே சமயம். அந்த ஆண்டு டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது, பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரே கதையை வருடக்கணக்கில் இழுக்கும் காலத்தில் இவர் வாரம் ஒரு சிறுகதை, அந்த வாரமே முற்றும் என்று வந்தார். சுஜாதா, மாலன் என்று பல எழுத்தாளர்களின் கதைகள். மொத்தம் 52. மூன்று நான்கு நடிகர்கள், ஒரு வீடு, ஒரு தெரு, அரை மணி நேர இடம், அதிலும் விளம்பரம் போக மிச்சம். தேசிய விருது வாங்கிய ஓர் இயக்குநர் இதையெல்லாம் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. சிறுகதையைப் படமாக்குவது எப்படி என்று ஒரு வருடப் பாடத்தை வரவேற்பறையில் நடத்திவிட்டுப் போனார். வெற்றிமாறன் உதவியாளராகச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவதுதான் அவருக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து என்ன வந்தது என்று ‘ஆடுகளம்’ பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாலா, ராம், சீனு ராமசாமி, பாடலாசிரியர் நா. முத்துக்குமார் எல்லோரும் அவருடைய உதவியாளர்களாக இருந்து வந்தவர்கள்தான்.

என் சொந்தக் கருத்து ஒன்று: அவருடைய பிற்காலப் படங்கள் சிலவற்றைவிட ‘கதை நேரம்’ எபிசோடுகள் பல எனக்கு உயர்வாகப் படுகின்றன. ‘ராமன் அப்துல்லா’வை நான் இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன். ஒரு மசாலாப் படத்தை எடுத்து, ‘நீங்கள் கேட்டவை’ என்று அதற்குத் தலைப்பு வைத்தே அவர் நம்மிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டது தனிக் கதை. ஆனால் எது உசத்தி, எது மட்டம் என்று நான் சொல்வதற்கும் இருபது வருடம் கழித்து ஒரு மாணவி வேறு மாதிரி சொல்வதற்கும் எல்லாமே கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் காப்பகம் என்றால் நல்ல படம் மட்டும் வைக்கும் இடம் என்று தயவுசெய்து குழு போட்டு முடிவு செய்துவிடாதீர்கள். ‘ராமன் அப்துல்லா’வும் உள்ளே இருக்கட்டும்.

‘கதை நேரம்’ கதைகளும் திரைக்கதைகளும் புத்தகமாக வந்திருக்கின்றன. 1954-ஆம் ஆண்டின் புத்தகங்கள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். நாட்டில் அந்த உரிமை பெற்ற நான்கு நூலகங்களில் அது ஒன்று. ஆக, திரைக்கதைப் புத்தகத்துக்குச் சட்டம் இருக்கிறது. அந்தத் திரைக்கதையை வைத்து எடுத்த படத்துக்கு இல்லை. சமையல் குறிப்புப் புத்தகமும் ஜோதிடப் புத்தகமும்கூட ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும், கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்து, தணிக்கையும் ஆகி, மக்கள் பார்த்த படத்துக்கு அப்படி ஒரு காப்பகத்தில் ஒப்படைக்கும் சட்டம் கிடையாது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கோ கேட்கவே வேண்டாம்.

தொலைக்காட்சி டேப்களின் கதியைக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பீட்டாகேம் என்ற வகை வீடியோ டேப்பில் இருந்தன. டேப் விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே வேறொன்றைப் பதிவு செய்வது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த பழக்கம். தப்பியவற்றுக்கு வேறு பிரச்சினை. டேப்பின் மேல் பூசிய காந்தப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், ஓடவிட்டால் உரிந்து இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். டேப் நன்றாக இருந்தாலும் ஓட்ட மெஷின் வேண்டும். சோனி நிறுவனம் பீட்டாகேம் கேசட் விற்பதையே 2016-இல் நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இருக்கும் பிளேயர்களும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து தமிழில் வந்த நாடகங்கள், நேர்காணல்கள், தொடர்கள் எவ்வளவு! ஃபிலிமுக்காவது குளிர் அறையில் வைத்தால் நூறாண்டுக் கணக்கில் அவகாசம் உண்டு. டேப்புக்கு இல்லை. இன்று பிரதி எடுக்காததை இன்னும் சில வருடம் கழித்து எடுக்க முடியாது.

ஃபிலிமும் சென்னையில் சும்மா வைத்தால் தாங்காது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் சுமார் 13,500 அடி நெகடிவ், ஆயிரம் அடி டப்பாவாகப் பதினான்கு. ஒலிக்கான நெகடிவ் தனி. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் அடிக்கும். பிறகு சுருங்கும், நெளியும், மொடமொடப்பாகும். அந்த வாடை பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும். வண்ணப் படமென்றால் நிறம் மங்கிக் கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சும். டிஜிட்டல் வந்து, ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேப்கள் மூடப்பட்டபோது அங்கே கேட்பாரற்றுக் கிடந்த நெகடிவ்கள் இடம் மாறின, சில காயலான் கடைக்குப் போயின. வெள்ளி எடுப்பதற்காகப் பழைய ஃபிலிமைக் கரைத்த கதையும் உண்டு. தயாரிப்பாளர் இறந்துபோயிருப்பார், கம்பெனி இருக்காது, லேப்புக்கு வாடகை பாக்கி இருக்கும், பிள்ளைகளுக்கு அப்பா எடுத்த படத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. இதில் யாரையும் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தனி ஆள் சுமக்கக்கூடிய பாரமா இது?

நாம் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. அதே பெயருள்ள நாவலை வைத்து நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படம் ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் தப்பியது. எப்படி? நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டதால் பிரதி கைமாறி, ஓர் ஓரமாகப் பல வருடம் கிடந்தது. ஒரு படம் பிழைக்க அதன் மேல் கேஸ் போட வேண்டியிருந்திருக்கிறது.

‘புனேயில்தான் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறதே?’ என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது, 1964-இலிருந்து. பி. கே. நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து சேர்த்ததில்தான் நம்மிடம் மிச்சம் இருப்பதில் பாதியாவது மிஞ்சியது. ஆனால் அது இந்தியா முழுமைக்கும் ஒன்று. எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் சட்ட அதிகாரமும் அதற்கு இல்லை. மதுரையில் மூடிய தியேட்டரின் மேல் மாடியிலோ, வடபழனியில் ஒரு பழைய விநியோகஸ்தரின் கோடவுனிலோ கிடக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கப் புனேயிலிருந்து ஆள் வரமாட்டார்கள். தமிழில் லேபிள் படிக்கத் தெரிந்தவர், தயாரிப்பாளர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துப் பேசி வாங்கக்கூடியவர், இங்கேயே இருக்க வேண்டும். பக்கத்தில் கேரளாவில் 1998-இலேயே அரசுத் திரைப்பட அகாதெமி தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு முதலமைச்சர்களையே கொடுத்தது சினிமா. அதற்கு ஒரு பத்திர அறை இல்லை என்பதை வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

நெகடிவ் போய்விட்டது என்பதால் ‘வீடு’ போயே போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’க்கும் மூல நெகடிவ் இல்லை. புனேயில் இருந்த இரண்டு பழைய பிரிண்ட்களை வைத்து, மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இத்தாலியின் பொலோன்யா காப்பகமும் வெளிநாட்டு உதவியோடு சேர்ந்து அதை மீட்டெடுத்தார்கள். அதே அரவிந்தனின் ‘தம்பு’வும் மீட்கப்பட்டு 2022-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ஓடியது. தேசிய விருதுக்கும் விழாக்களுக்கும் போன படங்கள் ‘வீடு’ம் ‘சந்தியா ராகம்’மும். எங்காவது, ஏதாவது ஓர் அலமாரியில், சப்டைட்டில் போட்ட ஒரு பிரிண்ட் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தேடுவதற்கு ஓர் அலுவலகமும் அதிகாரம் உள்ள ஒரு லெட்டர்பேடும் வேண்டும். என் கல்லூரி லெட்டர்பேடுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள்.

செலவு என்ற பேச்சு வரும். பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் என்று 2024 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. அதன் வரைபடத்தில் ஒரு கட்டடத்தைக் காப்பகமாகக் குறியுங்கள். அல்லது தரமணி திரைப்படப் பயிற்சி நிறுவன வளாகத்திலேயே வையுங்கள். அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களையும் அச்சுப் பிரதிகளையும் எவ்வளவு நேர்த்தியாகக் காப்பாற்றி வருகிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். காகிதத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, ஆள் இல்லை, அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது.

தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள். நெகடிவைக் கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. வைத்திருப்பது வேறு, உரிமை வேறு என்று ஒரு பக்கத்தில் தெளிவான ஒப்பந்தம் போட்டால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம், திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம்தான். 1960களின் முதல் பாதியில் வந்த படங்கள் இப்போதே பொதுச்சொத்து. சட்டம் மக்களுக்குக் கொடுத்துவிட்டது, கொடுத்த பொருள் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அரசு கையில் ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. சிறு முதலீட்டில் எடுத்த தரமான படங்களுக்கு நீங்கள் மானியம் தருகிறீர்கள், மாநில விருது தருகிறீர்கள். மானியமோ விருதோ வாங்கும் படம் முழுத் தரத்தில் ஒரு பிரதியைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும், நாளையிலிருந்து சேர ஆரம்பிக்கும். டிஜிட்டல் படம்தானே, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ‘தலைமுறைகள்’ டிஜிட்டலில் எடுத்ததுதான். ஐந்து வருடம் ஓடாமல் கிடந்த ஹார்டு டிஸ்க் திறக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பதும் காப்பகத்தின் வேலையில் ஒன்று.

கட்டடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது: கணக்கெடுப்பு. எந்தப் படத்தின் நெகடிவ் யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது. எந்தத் தொடரின் மாஸ்டர் டேப் எந்தச் சேனலில், எந்தத் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. தயாரிப்பாளர் சங்கத்துக்கும் சேனல்களுக்கும் தூர்தர்ஷனுக்கும் உங்கள் துறையிலிருந்து ஒரு கடிதம் போனால் பதில் வரும். பட்டியலில் முதல் வரியாக ‘கதை நேரம்’ 52 எபிசோடுகளையும், இரண்டாவது வரியாக ‘சந்தியா ராகம்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் டிவிக்காக எடுத்தவை, இரண்டுக்கும் நேரம் குறைவு.

டப்பாக்களைத் திறந்து, லேபிளைக் குறித்து, புகைப்படம் எடுத்து, பட்டியல் போடும் வேலைக்கு ஆள் போதவில்லை என்றால் எங்கள் துறை மாணவர்கள் கோடை விடுமுறையில் வரத் தயாராக இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கையுறையும் முகமூடியும், மதியச் சாப்பாடும் ஏற்பாடு செய்தால் போதும். வினிகர் வாடையைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை